பொம்மைப் படமும் பிள்ளை மனமும்

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

அறிவியல் மனித குலத்திற்கு அளித்த கொடைகளுள், திரைப்படத்தைப் போல எளிய மக்களின் நெஞ்சில் இடம்பிடித்தது பிறிதொன்று இல்லை எனலாம். எழுத்தறியாதவரும் திரைப்படத்தை அறிவர். அதன் ஒரு கிளைதான் நம் வீடுகளில் 'பொம்மைப் படம்' என்று வழங்கப்படும் அசைவூட்டப் படம். மாயமும் மந்திரமும் வாளும் போரும் நிறைந்த பொம்மைப் படங்கள் இன்று தமிழிலேயே பேசிக்கொண்டு நம் திரையரங்குகளுக்கு வருகின்றன. அவை குழந்தைகளுக்கு ஏற்றவையா, அல்லவா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? இதுவே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். வங்கிப் படிவம் முதல் மருந்துச் சீட்டு வரை எதுவானாலும், "நீ படிச்சவ, பார்த்துச் சொல்லு" என்று நம் கைக்கே வருகிறது. "இந்தப் படத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?" என்ற கேள்வியும் அவ்வாறே வருகிறது. நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் சிறு செலவன்று. பாதியில் எழுந்து வந்தால் பணமும் போகும். பிள்ளையின் உறக்கமும் போகும். ஆகவே நம் விடை பொறுப்புள்ள விடையாக இருத்தல் வேண்டும்.

பெயரால் வந்த மயக்கம்

"பொம்மைப் படம்தானே, பிள்ளைகள் பார்க்கட்டும்" என்று சொல்லிவிடுகிறோம். மயக்கம் இங்கேதான் தொடங்குகிறது. பொம்மை என்பது படம் எடுக்கப்பட்ட முறையைக் குறிக்குமேயன்றி, பார்ப்பவரின் வயதைக் குறிக்காது. மண்ணால் அகலும் செய்யலாம், ஐயனார் கோயில் குதிரையும் செய்யலாம். மண் ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடுமா?

அசைவூட்டத்தில் நம் சென்னைக்குத் தனிச் சிறப்பு உண்டு. சென்னையைச் சேர்ந்த பெண்டாமீடியா கிராஃபிக்ஸ் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் பாண்டவர் கதையைக் கணிப்பொறியால் முப்பரிமாணப் படமாக்கி, தேசிய விருதும் பெற்றது. 2007-இல் 'இனிமே நாங்கதான்' என்னும் முப்பரிமாண அசைவூட்டப் படம் இளையராஜாவின் இசையோடு தமிழில் வந்தது. பின்னர், 2014 மே 23 அன்று சௌந்தர்யா ரஜினிகாந்தின் இயக்கத்தில் 'கோச்சடையான்' வெளிவந்தது. ரஜினிகாந்த் நடித்த படம், பொம்மைப் படம், முப்பரிமாணத்திலும் வந்த படம் என்பதால், பெரியவரும் சிறுவரும் ஒருசேரத் திரையரங்கு சென்றனர். நம் ஆய்வுக்கு மிகவும் பொருத்தமான படம் அதுவே.

சான்றிதழ் சொல்வதும் சொல்லாததும்

ஒரு படம் யாருக்கு உரியது என்று முதலில் சொல்வது மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். மக்கள் வழக்கில் 'சென்சார்'. அதன் சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ளது. 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் பொதுமக்களுக்கு 'யு' என்றும், வயது வந்தோர்க்கு 'ஏ' என்றும் இரண்டே சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 1983-இல் 'யு/ஏ' சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என்பது அதன் பொருள். ஐந்து வயதுப் பிள்ளையும் பதினோரு வயதுப் பிள்ளையும் ஒரே கூடைக்குள் அடங்குவது பொருந்தாது என்பதால், 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'யு/ஏ'வை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்தது.

இது நல்ல மாற்றமே. எனினும் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, 'ஏ' படத்திற்குப் பதினெட்டு வயது நிரம்பாதவரை உள்ளே விடக்கூடாது. ஆனால் 'யு/ஏ' படிகள் பெற்றோர்க்குக் கூறும் அறிவுரைதான். வாயிற்காவலர் தடுப்பார் என்று நாம் இருந்துவிட முடியாது. இரண்டாவது, வயதை அளப்பதில் நாடுகளே ஒன்றுபடுவதில்லை. ஜப்பானில் உருவாகி, 2025 செப்டம்பரில் தமிழிலும் பேசி நம் நாட்டில் வெளியான 'டீமன் ஸ்லேயர்' வரிசைப் படமான 'இன்ஃபினிட்டி காசில்' ஒரு சான்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்க்குப் பெற்றோர் வழிகாட்டுதல் வேண்டும் என்று ஜப்பான் சொன்னது. பதினேழு வயதுக்குட்பட்டவர் பெற்றோரோ காப்பாளரோ உடன் வராமல் பார்க்கக்கூடாது என்று அமெரிக்கா சொன்னது. படம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு.

கோச்சடையானுக்கு 'யு' சான்றிதழ் கிடைத்தது. அதாவது, எல்லோரும் தடையின்றிப் பார்க்கலாம். அது சட்டத்தின் விடை. ஆறு வயதுப் பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு பார்க்கும் வீட்டின் விடையும் அதுவேயா?

கோச்சடையான்: கதையும் கருவியும்

பெயர் பாண்டிய மன்னன் கோச்சடையன் ரணதீரனை நினைவூட்டினாலும், படத்தின் கதை கற்பனையே. கோட்டைப்பட்டினத்தின் படைத்தலைவன் கோச்சடையான். அவனுடைய வீரர்கள் நஞ்சுண்டு உயிருக்குப் போராடுகின்றனர். பகைநாடான கலிங்கபுரியின் மன்னனிடம் மருந்து உண்டு; ஆனால் வீரர்களைத் தன்னிடம் அடிமைகளாக விட்டுச் செல்ல வேண்டும் என்கிறான். உயிர் பிழைத்தால் பின்னர் மீட்டுக்கொள்ளலாம் என்று கோச்சடையான் இசைகிறான். அவன் புகழைக் கண்டு பொறாமை கொண்ட அவன் நாட்டு மன்னனோ, இதனையே துரோகம் என்று சாற்றி மரண தண்டனை விதிக்கிறான். மகன் ராணா வளர்ந்து, அடிமைப்பட்ட வீரர்களை மீட்டு, தந்தைக்காகப் பழி தீர்ப்பதே கதை.

இதில் பெரியவர் காண்பது ஓர் அறச்சிக்கல். மானத்தைக் காப்பதா, உயிரைக் காப்பதா என்னும் பெருங்கேள்வி அது. சிறு பிள்ளைக்கு இச்சிக்கல் விளங்காது. நல்லவரான அப்பாவை ராஜா கொன்றுவிட்டார் என்பது மட்டும் விளங்கும். காரணம் எட்டாத வயதில் தண்டனை மட்டும் எட்டுகிறது.

கருவியையும் நோக்க வேண்டும். எலி பூனையைச் சுத்தியலால் அடிக்கும் வேடிக்கைப் படத்தில், தட்டையான பூனை மறுகணம் எழுந்து ஓடும். அங்கே சாவு இல்லை; பிள்ளை சிரிக்கிறது. கோச்சடையானில் கையாளப்பட்டது வேறொரு முறை. நடிகரின் உடலில் குறிகளைப் பொருத்தி, அவர் அசைவைப் பல கேமராக்களால் பதிவு செய்து, கணிப்பொறி உருவத்தில் ஏற்றுவது அது. ஆகவே உருவம் பொம்மையாயினும் அசைவு மனிதருடையது. வெட்டுண்டவன் மனிதனைப் போலவே விழுகிறான், மீண்டும் எழுவதில்லை. முப்பரிமாணத்தில் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் காட்டப்படுவதால், அம்பு திரையை விட்டு வெளியே பாய்வதாகத் தோன்றும். இதன் இயற்பியல் நமக்குத் தெரியும். கண்ணாடி அணிந்த குழந்தைக்குத் தெரியாது.

இன்னுமொன்று. திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு மணி நேரத்திற்கு 86,400. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஏதேனும் தற்செயலாகப் பதிவாகலாம். அசைவூட்டத்தில் தற்செயல் என்பதே இல்லை. ஒரு துளிக் குருதி திரையில் தெரிந்தால், அது தெரிய வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார். ஆகவே "இது எதற்காக இங்கே வைக்கப்பட்டது?" என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

முதற்பகுதித் தமிழ்ப் பாடத்தில் மெய்ப்பாடுகளைப் படித்திருக்கிறோம். அச்சம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் நான்கைக் கூறுகிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. வெகுளிக்கும் நான்கு: உறுப்பறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை. பெருமிதத்திற்கும் நான்கு: கல்வி, தறுகண், புகழ், கொடை. அதிரடிப் படங்களின் கதைச்சுருக்கத்தை அவர் அன்றே எழுதி வைத்துவிட்டாரோ என்று வியக்கத் தோன்றுகிறது!

பேயும் விலங்கும் தரும் அச்சத்தைப் பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் கடந்துவிடுகின்றனர். "அது நிஜமில்லை" என்று நாமும் சொல்லித் தேற்ற முடிகிறது. நான்காவதான இறையச்சம் அவ்வாறன்று. காக்க வேண்டியவரே அழிப்பவராக மாறுவது அது. கோச்சடையானில் இருப்பது இவ்வச்சமே. 2025-இல் அசைவூட்டப் படமாக வந்த 'மகாவதார் நரசிம்மா'வின் பிரகலாதன் கதையிலும், மகனைக் கொல்ல முனைபவன் பெற்ற தந்தையே. பக்திக் கதை என்று நாம் எண்ணுவதற்குள் பிள்ளை வேறொன்றை எண்ணியிருக்கக்கூடும்.

இதனை நான் நேரில் கண்டேன். திருவான்மியூரில் எங்கள் தெருவில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருவர், தொலைக்காட்சியில் கோச்சடையான் பார்த்தனர். அக்காவுக்கு வயது பதினொன்று, தம்பிக்கு ஆறு. சண்டைக் காட்சிகளில் தம்பி துள்ளிக் குதித்தான். ஆனால் அன்றிரவு, கடலுக்குப் புறப்பட்ட தந்தையின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "அப்பா திரும்பி வருமா?" என்பதே அவன் கேள்வி. அக்காவோ மறுநாள் என்னிடம், "ராஜாவே தப்பா தீர்ப்பு சொன்னா, அதை யாருகிட்ட அக்கா போய்ச் சொல்றது?" என்று கேட்டாள். தம்பிக்கு அச்சத்தைக் கொடுத்த அதே காட்சி, அக்காவுக்கு நீதியைப் பற்றிய சிந்தனையைக் கொடுத்தது. ஒரு படத்தை மட்டும் எடைபோட்டுப் பயனில்லை. பிள்ளையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

"அரசனின் தவறான தீர்ப்பு சிலப்பதிகாரத்தில் இல்லையா? அதைப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோமே!" என்று சிலர் கேட்கலாம். தக்க கேள்வியே. கோவலன் கொலையை ஆசிரியர் சொல்லும்போது, வகுப்பின் முகங்களைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். ஒரு பிள்ளையின் முகம் வாடினால் அவ்விடத்தை விரைந்து கடக்கிறார். கேட்கும் பிள்ளையும் தன்னால் தாங்க முடிந்த அளவுக்கே மனத்தில் படம் வரைந்துகொள்கிறது. திரைப்படமோ எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோர்க்கும் ஒரே படம், ஒரே ஒலி, ஒரே வேகம்.

நம் திருவான்மியூருக்கு வான்மீகி முனிவரோடு தொடர்பு கூறுவர். அவருக்கு இங்கே கோயிலும் உண்டு. அதே ஊரிலுள்ள கலாக்ஷேத்திராவில் ருக்மிணி தேவி அருண்டேல் இராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். நாட்டியத்தில் கைமுத்திரையே அம்பு. குருதி இல்லை, ஆயினும் போர் உண்டு, வீரம் உண்டு, இழப்பின் துயரமும் உண்டு. இராமாயணத்தையே ஜப்பானிய, இந்தியக் கலைஞர்கள் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் அசைவூட்டப் படமாக்கினர். யூகோ சாகோவும் ராம் மோகனும் அதில் முன்னின்றனர். அது 2025 ஜனவரியில் தமிழிலும் திரைக்கு வந்தது. போர் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கினால், நம் காப்பியங்களையே ஒதுக்க வேண்டிவரும். போர் உண்டா என்பதன்று கேள்வி. அது எவ்வாறு காட்டப்படுகிறது, எதில் முடிகிறது என்பதே கேள்வி.

கேட்க வேண்டிய வினாக்கள்

ஆகவே, வீட்டில் நம்மிடம் கேட்கும்போது கீழ்க்கண்டவற்றை எண்ணிப் பார்த்து விடை சொல்லலாம்.

1. சான்றிதழ் எது? 'யு/ஏ' எனில் எந்த வயதுப் படி? இது முதற்படி, முடிவன்று.

2. படத்தில் அச்சம் எங்கிருந்து வருகிறது? பேயிடமிருந்தா, பெற்றவரிடமிருந்தும் காப்பவரிடமிருந்துமா? அந்த அச்சம் படம் முடிவதற்குள் தீர்கிறதா?

3. தலைவனின் பெருமிதம் எதில் பிறக்கிறது? தறுகண் ஒன்றில் மட்டுமா, கல்வியிலும் கொடையிலுமா? பிள்ளை மறுநாள் விளையாட்டில் நடித்துக் காட்டப்போவது அதைத்தான்.

4. அடிபட்டவனுக்கு வலிப்பதாகக் காட்டுகிறார்களா? வலியில்லாத அடி சிரிப்பாக முடிந்தால் குற்றமில்லை. வலியில்லாத கொலை வீரமாக முடிந்தால் தீங்கு.

5. நம் பிள்ளையின் வாழ்வில் இப்போது என்ன நடக்கிறது? அண்மையில் வீட்டில் சாவு நேர்ந்ததா? தந்தை வெளியூரிலா, கடலிலா? இதனை எந்த வாரியமும் அறியாது; நாம் அறிவோம்.

6. எங்கே பார்ப்பது? இருண்ட அரங்கின் பேரொலி தாங்காத பிள்ளைக்கு, வீட்டில் விளக்கைப் போட்டு, ஒலியைக் குறைத்து, அருகில் அமர்ந்து காட்டலாம். கைபேசியைத் தனியே கொடுத்துவிட்டு நாம் அடுப்படிக்குப் போவது மட்டும் கூடாது.

முடிவுரை

கோச்சடையான் போன்ற படம், என் கருத்தில், பத்து வயதைக் கடந்த பிள்ளைகள் பெரியவர் துணையோடு கண்டு பேசி மகிழத்தக்கது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் பொறுத்துக் காட்டலாம். படம் எங்கும் ஓடிவிடாது. பிள்ளைப் பருவம்தான் ஓடிவிடும். இம்முடிவிலிருந்து மாறுபடுவோரும் இருக்கலாம். அவர்கள் பிள்ளையை அவர்கள் அறிவார்கள்.

எழுத்தறியாத நம் பெற்றோர், கடல் நிறம் மாறுவதைக் கண்டும் மேகம் திரளுவதைக் கண்டும் நம்மை வளர்த்தவர்கள். பிள்ளையின் முகத்தைப் படிப்பதில் அவர்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியது ஒன்றுமில்லை. அவர்களுக்கு எட்டாதவை சுவரொட்டியின் மூலையில் உள்ள சிறு எழுத்தும், அந்த எழுத்துக்குப் பின்னால் உள்ள சட்டமும்தான். அவற்றை நாம் படித்துச் சொல்லுவோம். பிள்ளையின் முகத்தை அவர்கள் படித்துச் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறக்கும் விடையே சரியான விடையாகும்.