ஏரிக்கரை வயலை விற்க வேண்டாம், கட்டி வையுங்கள்

வடுவூர் ஏரியைச் சுற்றியும், உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டிப் பக்கமும் நிலம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “எங்கள் வயலில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து மேய்கின்றன. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு இந்த நிலம் மனையாகிவிடக் கூடாது. அரசாங்கம் வாங்கிக்கொள்ளுமா? இல்லை, விற்காமலே எழுதிவைக்க வழி உண்டா?”

விற்க முயலாதீர்கள். பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அந்த நிலத்தில் எது நடக்கக் கூடாது என்பதை மட்டும் சட்டத்தால் கட்டிவையுங்கள். காவிரி டெல்டாவுக்கு ஏற்ற வழி இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

வடுவூர் சரணாலயத்தின் பரப்பு 112 ஹெக்டேர் சொச்சம். உதயமார்த்தாண்டபுரம் 44 ஹெக்டேர்கூட இல்லை. இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024-இல் சேர்ந்தது. ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் அடைகின்றன, கூடு கட்டுகின்றன. இரைக்குச் சுற்றியுள்ள வயல்களைத்தான் நம்பியிருக்கின்றன. சம்பா நடவு முடிந்த வயலில் நத்தைகுத்தி நாரை நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். முழுதாக மூடாத அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவி, நத்தையை வெளியே எடுத்து, சதையை மட்டும் உருவிக்கொள்ளும். அது விட்டுப்போன ஓட்டை வரப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் உடையாமல் இருக்கும். அந்த நத்தை வளர்ந்தது நீங்கள் உழுது, நீர் கட்டி, நட்ட வயலில். அரசு அதை வாங்கி முள்கம்பி போட்டால் ஏரும் வராது, தண்ணீரும் வராது. சில ஆண்டுகளில் சீமைக்கருவேலம் மண்டிவிடும். அதன் பிறகு நாரைக்கு அங்கே என்ன வேலை?

சட்டமும் அரசு நிலத்தை எடுப்பதன் பக்கம் சாயவில்லை. 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, பாசன வசதியுள்ள பல போக நிலத்தை வேறு வழியே இல்லாத நிலையில்தான் எடுக்கலாம் என்கிறது. சோற்றுக்கான பாதுகாப்பு அது. பறவையின் பெயரால் அதைத் தளர்த்தக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிலத்தை வாங்கித்தான் தீர வேண்டிய இடங்கள் வேறு. வயநாட்டில் திருநெல்லி–குதிரக்கோடு யானை வழித்தடத்தில் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை குடும்பங்களிடம் நிலத்தை வாங்கி, அவர்களுக்கு மாற்றிடம் அமைத்துக் கொடுத்து, நிலத்தைக் கேரள வனத்துறையிடம் ஒப்படைத்தது. யானைக்கு ஒரு குறுகிய வழிதான். அது அடைபட்டால் வேறு வழி கிடையாது. நீலகிரியின் சீகூர் வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததற்கும் அதுவே காரணம். டெல்டாவில் இதற்குச் சமமான ஒரு சூழல் உண்டு: பறவைகள் கூடு கட்டும் தோப்போ திட்டோ தனியார் பட்டாவில் இருந்தால் அதை அரசு வாங்குவது நியாயம். அப்படி உங்களிடம் பேச வந்தால், 2013 சட்டம் தரும் சந்தை மதிப்பு, அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை ஆகியவற்றைக் கணக்குப் போட்டுவைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்குக் குறைந்து சம்மதிக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

சரணாலய எல்லை உங்கள் சர்வே எண்ணைத் தொடும்போது காலக்கெடு முக்கியம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 21-ஆம் பிரிவின்படி ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்ட நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் உங்கள் உரிமையை எழுத்தில் கோர வேண்டும். 24-ஆம் பிரிவு ஆட்சியருக்கு மூன்று வழி தருகிறது: நிலத்தை எல்லையிலிருந்து விலக்கலாம், கையகப்படுத்தலாம், அல்லது தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து உரிமையைத் தொடர அனுமதிக்கலாம். மூன்றாவது வழியைக் கேளுங்கள். மனுவில் சாகுபடி, வாய்க்கால் பாத்தியம், ஆடு மாடு போகும் பாதை எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள்.

இனி, விற்காமல் கட்டும் வழி. அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் ஒரு முத்திரைவில்லையை வாங்க வேண்டும். 1934-இல் தொடங்கிய ஏற்பாடு. அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நீர்நிலை வாழிடங்களுக்குப் போகிறது. முதலில் நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். 1958-இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்தை விவசாயியிடமே விட்டுவிட்டு ஒரு உரிமையை மட்டும் வாங்கத் தொடங்கினார்கள். பள்ளத்து நீரை வடிக்க மாட்டேன், மண் கொட்டி மூட மாட்டேன், சமன்படுத்த மாட்டேன், கொளுத்த மாட்டேன் என்று விவசாயி எழுதித் தருகிறார். ஒருமுறை பணம் பெறுகிறார். நீர் தானாக வற்றும் காலத்தில் உழலாம், புல் அறுக்கலாம், மாடு மேய்க்கலாம். நிலம் கைமாறினாலும் இந்தக் கட்டு கூடவே போகும்.

இதை அப்படியே இங்கே பதிவு செய்ய முடியுமா என்றால், முடியாது. நம் 1882 ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒரு நிலத்தின் மீதான பாத்தியம் இன்னொரு நிலத்தின் அனுபோகத்துக்காகத்தான் இருக்க முடியும். வண்டிப்பாதையும் வாய்க்காலும் அப்படித்தான் பத்திரத்தில் ஏறுகின்றன. பக்கத்தில் நிலமே இல்லாத ஓர் அமைப்பு, பறவைக்காக உங்கள் வயல்மீது ஈஸ்மென்ட் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஏரியை ஒட்டிய நிலமாக இருந்தால் கதை வேறு. ஏரி அரசுடையது, அதன் அனுபோகத்துக்காக உங்கள் வயலில் ஒன்றைச் செய்யாமல் தடுக்கும் உரிமையைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவுக்குள் கொண்டுவர இடம் இருக்கிறது. சொத்து வழக்குகளில் பழகிய வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

குடும்பத்துக்குள் எழுதும்போது பலர் செய்யும் தவறு, “என் வாரிசுகள் இந்த நிலத்தை என்றும் விற்கக் கூடாது” என்று செட்டில்மென்ட் பத்திரத்தில் சேர்ப்பது. சொத்து மாற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்ட முழுத் தடை செல்லாது. 11-ஆம் பிரிவைப் பயன்படுத்துங்கள். ஒரு பகுதியை உங்களிடமே வைத்துக்கொண்டு, ஒட்டிய மற்றொரு பகுதியை மகனுக்கோ மகளுக்கோ கொடுக்கும்போது, உங்கள் பகுதியின் நல்ல அனுபோகத்துக்காக அந்தப் பகுதியில் மண் நிரப்பக் கூடாது, கட்டடம் எழுப்பக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். அது நிற்கும். நிபந்தனை பத்திரத்தில் பதிவாகி வில்லங்கத்தில் தெரிந்தால், பின்னால் வாங்குபவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது.

நம் சட்டத்தில் இந்த வேலைக்கென்றே இருக்கும் வழி சமுதாயக் காப்பகம், அதாவது கம்யூனிட்டி ரிசர்வ். வன உயிரினச் சட்டத்தில் 2002 திருத்தம் கொண்டுவந்த 36-சி பிரிவு. தனி ஆளோ ஊரோ தாமாக முன்வந்து பட்டா நிலத்தை வன உயிரினத்துக்காகப் பேணினால், அரசு அதைக் காப்பகமாக அறிவிக்கலாம். உரிமை உங்களுடையது. அறிவித்த பிறகு, நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. நீங்கள் தேடும் கட்டு அதுதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் நிலமானால் அந்தக் குழுவில் நில உரிமையாளர், வனத்துறைப் பிரதிநிதி, ஊராட்சிப் பிரதிநிதி மூவரும் இருப்பார்கள். ஏற்கெனவே சரணாலய எல்லைக்குள் இருக்கும் நிலத்துக்கு இது பொருந்தாது.

தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 2022 செப்டம்பரில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது அதே 2002 திருத்தம் தந்த 36-ஏ பிரிவின் கீழ்தான். அது அரசுக்குச் சொந்தமான இடத்துக்கான பிரிவு. கடலுக்குப் பட்டா கிடையாது என்பதால் அங்கே வேலை சுலபமாக முடிந்தது. வயலில் நீங்கள் முன்வராமல் எதுவும் நகராது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றை நன்றாக யோசியுங்கள். 36-சி பிரிவு, சரணாலயத்துக்கான சில விதிகளையும் கூடவே கொண்டுவருகிறது. அதில் 32-ஆவது பிரிவு, வன உயிரினத்துக்குத் தீங்கு செய்யும் ரசாயனத்தைத் தடுக்கிறது. 30-ஆவது தீ வைப்பதைத் தடுக்கிறது. குருத்துப்பூச்சிக்கு மருந்து அடிப்பதும் வைக்கோல் தாளைக் கொளுத்துவதும் கேள்விக்குள்ளாகும். அதனால், எந்த மருந்து, எந்தப் பருவத்தில், எந்த அளவு என்பது குழுவின் மேலாண்மைத் திட்டத்தில் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்பி இறங்காதீர்கள். முடிந்தால் இயற்கை முறைக்கு மாறிய வயலை மட்டும் முதலில் கொடுங்கள்.

இன்னொன்று பணம். 36-சி பிரிவில் பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இது பெரிய குறை, அதை வெளிப்படையாகக் கேட்க வேண்டும். முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூரில் ஊருக்குள் புளியமரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டுகின்றன. புளி பறிக்க முடியாமல் போகும் மர உரிமையாளர்களுக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுத்தது. பின்னர் அந்த இடம் சமுதாயக் காப்பகமும் ஆனது. கலிஃபோர்னியாவின் நெல் வயல்களில் 2014 முதல், வலசைக் காலத்தில் சில வாரங்கள் வயலில் தண்ணீர் தேக்கிவைக்க விவசாயிகளே தொகை சொல்லி ஏலம் கேட்கிறார்கள்; நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு பணம் தருகிறது.

நம் ஊருக்கு அந்தக் கணக்கை எப்படிப் போடுவது? மேட்டூர் வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்படும். சம்பா அறுவடைக்குச் சுமார் பத்து நாள் முன்பே ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். அறுவடைக்குப் பிறகு பறவைக்காக வயலில் தண்ணீர் நிறுத்தினால் உளுந்து அழுகிவிடும். ஆகவே வனத்துறையிடம் தொகை கேட்கும்போது அந்த உளுந்து வருமானத்தைத்தான் அடிப்படையாக வைக்க வேண்டும். மொத்த வயலையும் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏரியை ஒட்டிய தாழ்ந்த வயல், எப்படியும் உளுந்து சரியாக வராத வயல் ஒன்றிரண்டு எல்லாருக்கும் இருக்கும். அதை ஒதுக்குங்கள்.

குத்தகை விட்டிருந்தால் சாகுபடிதாரரை உட்காரவைத்துப் பேசாமல் எதையும் தொடங்காதீர்கள். பட்டாதாரர் சென்னையில், சேற்றில் இறங்குபவர் வேறொருவர் என்பது இங்கே சாதாரணம். தண்ணீர் நிறுத்துவதும் மருந்து குறைப்பதும் அவர் கைவேலை, நட்டமும் அவர் தலையில். வரும் தொகையில் அவர் பங்கு பத்திரத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு அநியாயம் என்பேன். கோயில் நிலமானால் அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவும் ஆணையர் அனுமதி இல்லாமல் செல்லாது.

2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் காப்பாற்றிவிடும் என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். அது எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தையும் தோல் தொழிற்சாலை, உருக்காலை போன்றவற்றையும் புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வண்ணக் கொடி கட்டிய மனைப்பிரிவு அதன் தடைப் பட்டியலில் இல்லை. கரைவெட்டி இருக்கும் அரியலூர் மாவட்டமும் அதற்குள் வரவில்லை.

1798-இல் வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைச் சுடுவதை நிறுத்தச் சொல்லி செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் கவுல் என்ற எழுத்துறுதியை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் நெல்லுக்கு உரம். யாரும் நிலம் விற்கவில்லை. ஊர் கேட்டது, அரசு எழுதிக் கொடுத்தது.

நீங்கள் தொடங்க வேண்டியதும் அப்படித்தான். பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், தாய்ப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று இவற்றை எடுத்து வையுங்கள். கூட்டுப்பட்டாவானால் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் எந்தப் பறவை வயலில் இறங்குகிறது என்று ஒரு பருவம் முழுக்கத் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ஒட்டிய வயல்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித் துண்டு நிலத்துக்கு அதிகாரிகள் அசைய மாட்டார்கள். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்திலேயே சர்வே எண்ணுடன் தீர்மானம் நிறைவேற்றி, அதன் நகலோடு 36-சி பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலரிடம் மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.