ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்

பயிர் நிற்கும் நிலத்தின் ஒரு பகுதியில் வேறு பயிர் வைக்க விரும்பும் உழவர், முதலில் வரப்பிட்டு எல்லையை வகுத்துக்கொள்வார். பின்னரே ஏரை இறக்குவார். கணிப்பொறியில் இரண்டாவது இயங்குதளம் ஒன்றைச் சேர்ப்பதற்கும் இம்முறையே ஏற்றது.

கணிப்பொறியின் உறுப்புகளை இயக்கி, நாம் இடும் பணிகளைச் செய்விக்கும் அடிப்படை ஏற்பாடே இயங்குதளம். 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. பழைய கணிப்பொறிகள் பலவற்றுக்கு விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி இல்லை. ஆயினும் அவற்றைக் கழித்துவிட வேண்டுவதில்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகிய இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. புதியது கைவரும்வரை பழையதையும் உடன் வைத்துக்கொள்ளலாம். ஆனால், வரிக் கணக்கும் தீர்மானப் பதிவுகளும் அழியாதவாறு இதனைச் செய்தல் வேண்டும். அலுவலகக் கணிப்பொறியாயின் மேலதிகாரியின் அனுமதி பெற்ற பிறகே தொடங்குக.

1. நகல் எடுத்தல்: எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுக்கவும். அதே டிஸ்க்கின் வேறொரு பகுதியில் வைப்பது நகலாகாது. விதைநெல்லை விளைநிலத்திலேயே விட்டுவைப்பது போன்றது அது. நகலை வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்க.

2. பூட்டை அறிதல்: பிட்லாக்கர் என்னும் மறைப்புப் பூட்டு இடப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதிக்கொள்ளவும். பின்னர்ப் பூட்டை நீக்கி, அப்பணி முழுவதும் முடியும்வரை காத்திருப்பது நலம். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதியையும் நிறுத்தவேண்டும். அது இருக்குமாயின் கணிப்பொறி முற்றிலும் அணையாது அரைத்தூக்கத்திலேயே இருக்கும்.

3. இடம் ஒதுக்குதல்: விண்டோஸில் உள்ள ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ மூலம் ‘சி’ பகுதியைச் சுருக்கி, 50 ஜி.பி. அளவு இடத்தைக் காலியாக விடவும். குடியிருப்பவரே தம் பொருள்களை ஒதுக்கி இடந்தருவது போல, விண்டோஸே இதைச் செய்வது பாதுகாப்பானது.

4. சோதித்தல்: அதிகாரபூர்வமான தளத்திலிருந்து பெற்ற இயங்குதளத்தை 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் ஏற்றுக. பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. அதிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கி, நிறுவாமலேயே இயக்கிப் பார்க்கலாம். இணைய இணைப்பும் அச்சுப்பொறியும் தமிழ்த் தட்டச்சும் ஒழுங்காக உள்ளனவா எனச் சோதிக்கவும்.

5. நிறுவுதல்: இடையில் மின்சாரம் தடைப்படாதவாறு முன்னேற்பாடு செய்துகொள்க. ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தேர்ந்தால் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் போய்விடும். முதலில் கூறியது திரையில் தோன்றாவிடில், ஊகத்தின்பேரில் மேலே செல்லாது அங்கேயே நிறுத்தி, அறிந்தவரைக் கேட்பதே அறிவுடைமை.

பணி முடிந்தபின், கணிப்பொறி தொடங்கும்போது இரண்டில் எது வேண்டுமெனக் கேட்கும். உடனே விண்டோஸைத் திறந்து பழைய கோப்புகளைச் சரிபார்க்கவும். ஆதரவு நின்றுபோன தளத்தில் இணையப் பணிகள் செய்வது ஆபத்து. அவற்றைப் புதியதிலேயே செய்துவருக.

நிறுவும் வேலை ஒரு மணி நேரத்தில் முடியலாம். நகலெடுக்க அரைநாள் ஆகலாம். அந்த அரைநாளைச் சுருக்க எண்ணுவோர், பல்லாண்டுப் பதிவுகளை ஒரே நொடியில் இழக்க நேரும்.