கீரைக் கறிகளும் அவற்றைச் சத்துக் கெடாமல் சமைக்கும் முறையும்

நம் கிராமங்களில் கீரைக்குப் பஞ்சமென்பதில்லை. கொல்லையில் முருங்கை, கொடிக்காலில் அகத்தி, வாய்க்கால் ஓரத்தில் பொன்னாங்கண்ணி, எருக்குழியருகில் குப்பைக்கீரை என்று கைக்கெட்டும் தூரத்திலேயே அது வளர்ந்து நிற்கின்றது. அப்படியிருந்தும் இரத்தக் குறைவு நாட்டைவிட்டு அகன்றபாடில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேரும் இரத்தக் குறைவுள்ளவர்களென்று காணப்பட்டது. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரண்டு அடுக்களையைச் சேர்ந்தவை. கீரையை வேகவைக்கும் விதத்திலேயே அதன் சத்திற் பெரும்பகுதி வீணாய்ப் போவது ஒன்று. வீட்டில் எவருக்கு அது மிகவும் அவசியமோ அவருடைய இலையில் அது விழாமற்போவது மற்றொன்று. இவ்விரண்டையும் பெரும் பணச்செலவின்றியே திருத்திக்கொள்ளலாம்.

நீலகிரியில் குன்னூரிலிருந்த போஷணை ஆராய்ச்சிச் சாலையின் பொறுப்பை 1935-ஆம் வருஷத்தில் டாக்டர் ஆக்ராய்ட் ஏற்றுக்கொண்டார். இந்திய ஆகார வஸ்துக்களைப் பகுத்துப் பார்த்துக் கண்ட விவரங்கள் 1937-இல் ஒரு சிறு நூலாக வெளிவந்தன. அரிசியைப் பிரதானமாக உண்ணும் ஜனங்களுடைய ஆகாரத்திலுள்ள குறையை நிரப்பக் கீரை நாள்தோறும் சேரவேண்டுமென்றும், வயது வந்தவருக்கு அது சுமார் 4 அவுன்ஸ், அதாவது 110 கிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவு இருத்தல் நலமென்றும் அக்காலத்திலேயே சொல்லப்பட்டது. அச்சாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனமென்னும் பெயரால் வழங்கிவருகின்றது.

அங்கிருந்து 1971-இல் வெளிவந்த பட்டியலின்படி, 100 கிராம் முருங்கைக் கீரையில் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், அதே நிறையுள்ள அகத்திக் கீரையில் 1130 மில்லிகிராமும் இருக்கின்றன. பசும்பாலில் அது சுமார் 120 மில்லிகிராமே. மண்ணுக்கும் இலையின் முதிர்ச்சிக்கும் தக்கபடி இவ்வெண்கள் கூடியும் குறைந்தும் வருமாயினும், பால் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு அகத்திமரம் எவ்வளவு பெரிய துணை என்பதை அறிய இவ்வளவே போதும். இரும்புச் சத்தைப்பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய பட்டியல்களில் சில கீரைகளுக்குக் காட்டப்பட்டிருந்த இரும்பின் அளவு மிகையானதென்று பிற்காலச் சோதனைகளிற் கண்டு குறைக்கப்பட்டது. இருக்கும் இரும்பும் முழுமையாக உடலிற் சேர்வதில்லை. ஆகையால் கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாத்திரைகளைக் கீரை தின்பதைக் காரணங் காட்டி நிறுத்திவிடலாகாது.

சத்து எங்கே போகின்றது?

கீரையிலுள்ள வைட்டமின் சி என்னும் உயிர்ச்சத்து நீரிற் கரையும், சூட்டில் அழியும், காற்றுப் பட்டாலுங் குறையும். நறுக்கிய பின் அலசுதல், நிறைய நீர்விட்டு நெடுநேரம் கொதிக்கவைத்தல், வெந்த நீரை வடித்துக் கொட்டுதல் ஆகிய மூன்றும் அதைப் போக்குகின்றன. பச்சை நிறம் மாறாமலிருக்கச் சிலர் ஆப்பச் சோடாவைச் சிறிது போடுவதுண்டு. நிறம் நிற்கும், உயிர்ச்சத்து நிற்காது. கண்ணுக்கு அழகாயிருக்கவேண்டி உடலுக்கு வேண்டியதை இழக்கும் இவ்வழக்கம் அடியோடு விடத்தக்கது.

கீரையை ஆய்ந்து, முழு இலையாகவே அகன்ற பாத்திரத்திலுள்ள நீரில் அமிழ்த்தி, கையால் அளைந்து, இலைகளை மேலே அள்ளி எடுக்கவேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்தால் அடியிற் படிந்த மண் மறுபடியும் இலையிலேயே ஒட்டிக்கொள்ளும். இவ்விதம் மூன்று தரம் நீர்மாற்றி அலசியபின்னரே நறுக்கவேண்டும். நறுக்கியவுடன் அடுப்பிலேற்ற வேண்டும். வயலிலும் வரப்பிலும் பறிக்கும் கீரையாயின், அங்கே களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ அண்மையில் தெளிக்கப்பட்டதா என்று விசாரித்தே பறிக்கவேண்டும். சாக்கடை நீர் பாயுமிடத்துக் கீரை எவ்வளவு செழிப்பாயிருந்தாலும் வேண்டாம்.

கரோட்டினின் சங்கதி வேறு. உடலில் வைட்டமின் ஏ-யாக மாறுவது இதுவே. இது நீரிற் கரைவதில்லை; மிதமான சூட்டில் அதிகமாக அழிவதுமில்லை. ஆனால் எண்ணெய்ப் பசையில்லாமல் குடலில் நன்கு சேராது. எண்ணெய் விடாமல் அவித்த கீரையே பத்தியத்துக்கு உகந்ததென்று நினைப்போர் இதனைக் கவனிக்கவேண்டும். ஒருவருக்கு ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ சேர்ந்தாற் போதும். இலையைப் பொடியாக நறுக்குவதும் மத்தால் மசிப்பதும் கரோட்டினை வெளிப்படுத்த உதவுகின்றன.

குழந்தைகளுக்குக் கீரை

“பச்சைக் குழந்தைக்குக் கீரை கொடுத்தால் வயிறு போகும்” என்று சொல்லிப் பாலுஞ் சோறும் மட்டும் ஊட்டுவது பல வீடுகளில் வழக்கம். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் உண்டாகின்றது. குழந்தை பொழுது சாய்ந்தபின் தட்டுத் தடுமாறி நடக்கும். பின்னர்க் கண் வெண்மையில் நுரைபோன்ற புள்ளிகள் தோன்றும். குறை மிகுந்தால் கருவிழி கரைந்து பார்வை மீளாதபடி போய்விடும். இந்திய அரசாங்கம் 1970-ஆம் வருஷமுதல் வைட்டமின் ஏ திராவகத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் திட்டம் இக்கொடுமையை உத்தேசித்தே ஏற்பட்டது. அத்திராவகம் ஆறு மாதத்துக்கொரு தரம் வருவது. கீரையோ தினமும் வீட்டில் உள்ளது.

ஒன்று முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ தேவை. 12 மைக்ரோகிராம் கரோட்டின் உண்டால் உடலில் 1 மைக்ரோகிராமே வைட்டமின் ஏ-யாகத் தேறுமென்று 2001-ஆம் வருஷத்தில் அமெரிக்க நிபுணர்கள் கணித்தனர். முற்காலத்து மதிப்பைவிட இது மிகவுங் குறைவானது. இந்தக் குறைந்த கணக்கை வைத்துப் பார்த்தாலுங்கூட, மேற்சொன்ன 1971-ஆம் வருஷப் பட்டியலின்படி 25 கிராம் முருங்கையிலை, அதாவது ஆய்ந்த இலையில் ஒரு கைப்பிடி, குழந்தையின் தேவையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தரும். ஆறு மாதம் நிறைந்து தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் தொடங்கியபின், காரம் சேருமுன் நன்கு மசித்த கீரையில் அரைக் கரண்டி எடுத்துக் குழைந்த சோற்றில் இரண்டு துளி எண்ணெயோ நெய்யோ கூட்டிப் பிசைந்து கொடுக்கலாம். ஒரு வாரம் கழித்து அளவைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். கழிவில் சற்றுப் பச்சை நிறம் தென்படுவதைக் கண்டு பயப்பட வேண்டுவதில்லை. வயிறு போவதற்குப் பெரும்பாலும் காரணம் சரியாக அலசாத இலையும், கழுவாத கையும், காய்ச்சாத நீருமே.

முருங்கைக் கீரைத் துவட்டல்

கொத்தாய் ஒடித்த முருங்கையைத் துணியிற் சுற்றி இரவு முழுவதும் வைத்தால் காலையில் இலைகள் தாமே உதிரும். வேலை குறையுமென்பது உண்மை. இலை வாடும்போது வைட்டமின் சி குறைந்துபோவதும் உண்மை. கை ஓய்ந்திருக்கும் வேளையில் பறித்தவுடன் உருவிக்கொள்வதே சிறந்தது. நரம்புபோன்ற காம்புகளை நீக்கிவிடவேண்டும்.

நால்வருக்கு, உருவிய இலை எட்டுக் கைப்பிடி. இருப்புச் சட்டியிருந்தால் அதிலேயே செய்யலாம். சிறிது இரும்பும் கறியிற் சேரும். நான்கு சிறு கரண்டி எண்ணெயைக் காயவைத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, இரண்டு வரமிளகாய் தாளித்து, பத்துச் சின்ன வெங்காயத்தை அரிந்து வதக்கவேண்டும். வெங்காயம் நிறம் மாறியவுடன் இலையைப் போட்டுக் கிளறி, கையால் நீர் தெளித்து, சிறு தீயில் வைக்கவேண்டும். ஐந்து நிமிஷத்தில் இலை சுருங்கி அடங்கிவிடும். அப்போதுதான் உப்புப் போடவேண்டும். பச்சையிலையின் குவியலைப் பார்த்து முன்னமே உப்புப் போடுகிறவர்கள் கறியைக் கரிக்கச் செய்துவிடுகின்றனர். முன்பே மலர வேகவைத்த சிறுபருப்பு ஒரு பிடியும் துருவிய தேங்காய் இரண்டு கரண்டியும் தூவி, ஒரு புரட்டுப் புரட்டி இறக்கினால் கறி முடிந்தது. தேங்காய் விலை உயர்ந்த காலத்தில், சிறிது அரிசியைச் சிவக்க வறுத்துப் பொடித்துத் தூவினாலும் ருசி குன்றாது. ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொள்ளும். இலையைச் சட்டியிற் போட்டதுமுதல் இறக்கும்வரை பத்து நிமிஷத்துக்கு மேற் செல்லாது.

அகத்திக் கீரை

ஏகாதசி விரதமிருந்து மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் சேர்ப்பது பெரியோர் வழக்கம். சாஸ்திரக் காரணம் எதுவாயினும், இச்சேர்க்கை மிகவும் பொருத்தமானது. கீரையிலுள்ள இரும்பு உடலிற் சேர வைட்டமின் சி துணைசெய்கின்றது. நெல்லியிலோ அது நிறைந்திருக்கின்றது. பாரணை நாளுக்கென்று வைத்திருக்கும் இதனைச் சாதாரண நாட்களிலும் கைக்கொள்ளலாம். நெல்லி கிடையாத காலத்தில், இறக்கிவைத்த கறியில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலும் அதே பலனுண்டு. சாப்பிட்ட கையோடு காப்பி தேயிலை குடிப்பது அப்பலனைக் கெடுக்கும். ஒரு மணிநேரமாவது பொறுப்பது நன்று.

அகத்தியைப் பலர் ஒதுக்குவது கசப்பினால். அக்கசப்புக்கு அஞ்சி வெந்த நீரை வடித்துக் கொட்டுகின்றனர். அதற்குப் பதிலாக, பொடியாய் நறுக்கிய கீரையை இரண்டாந் தடவை அரிசி களைந்த நீரில் ஒரு தம்ளர் மட்டும் விட்டு, சின்ன வெங்காயமும் சீரகமுங் கூட்டி வேகவைத்து, நீர் சுண்டும் பருவத்தில் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதியில் இறக்கவேண்டும். கசப்பு அடங்கும், நீரும் வீணாகாது. தேங்காயிலுள்ள கொழுப்பே போதுமாகையால் தாளிதத்துக்குச் சில துளி எண்ணெய் விட்டாற் போதும். இந்த இலை முருங்கையைவிட முரடானது. பதினைந்து நிமிஷம் பிடிக்கும்.

மசியலும் மற்றவையும்

முளைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை ஆகியவை மசியலுக்கு உகந்தவை. மண்சட்டியில் அரைத் தம்ளர் நீர் கொதித்தபின் கீரையும் நாலு பூண்டுப்பல்லும் ஒரு பச்சைமிளகாயும் போட்டு, எட்டு நிமிஷத்தில் இறக்கி, உப்பிட்டு மத்தால் கடையவேண்டும். குழந்தைக்குரிய பங்குக்கு மிளகாயைக் கடைவதற்கு முன் எடுத்துவிடலாம். திறந்து வேகவைத்தால் பச்சை நிறம் மங்காது. மூடி வைத்தால் சீக்கிரம் வேகும். புளி சேர்ப்பதாயின் கீரை வெந்த பின்னரே சேர்க்கவேண்டும். முன்னால் விட்டால் இலை கறுத்து வேகவும் தாமதமாகும்.

பருப்புக் கீரை சிறுபருப்புடன் கூட்டாகவும், மணத்தக்காளி தேங்காய்ப்பாலிலும், வெந்தயக் கீரை வெங்காயத்துடன் வதக்கியும் பக்குவப்படும். பருப்புக் கீரையிலும் பசலை வகைகளிலும் ஆக்ஸலிக் அமிலம் மிகுதி. அது சுண்ணாம்புச் சத்தை உடலிற் சேரவொட்டாமல் தடுக்கும். சிறுநீர்க் கல் கண்டவர்கள் வைத்தியரைக் கேட்டே இவற்றை உண்ணவேண்டும். மற்றவர்களும் ஒரே கீரையைத் தினமும் சமைப்பதைவிட மாற்றி மாற்றிச் சமைப்பது நலம். இரவில் கீரை ஆகாதென்னும் பழமொழி, விளக்கு வெளிச்சத்தில் இலையிலுள்ள புழு பூச்சி தெரியாத காலத்தில் பிறந்திருக்கலாம். ஆயினும் காலையில் செய்த கீரையை இரவுவரை வைத்துச் சுடவைப்பது தகாது.

சங்கத்தால் ஆகக்கூடியது

விதைக்கீரை சிறு அளவில் வாங்கினால் விலை கூடும், முளைப்பும் நிச்சயமில்லை. அங்கத்தினர் பலருக்கும் வேண்டிய முளைக்கீரை, அரைக்கீரை, அகத்தி விதைகளைச் சங்கத்தின் மூலம் ஒருமிக்க வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் இவ்விரு தொல்லையும் குறையும். முருங்கைக்கு விதைகூட வேண்டுவதில்லை. காய்த்து ஓய்ந்த மரத்தைக் கவாத்துச் செய்யும்போது கிடைக்கும் கொம்புகளில், கைம்மணிக்கட்டுப் பருமனுள்ளவற்றை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, இரண்டொரு நாள் நிழலில் ஆறவைத்து, மழை தொடங்கும் சமயத்தில் முக்காலடி ஆழத்தில் நடவேண்டும். மேல்நுனி காய்ந்துபோகாமலிருக்கச் சாணத்தால் மூடவேண்டும். நீர் தேங்கும் இடமாயின் கொம்பு அழுகிவிடுமாதலால் மேட்டிலேயே நடுவது அவசியம். துளிர்த்த கிளைகளின் நுனியை இரண்டடி உயரத்தில் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகி, ஏணி வைக்காமலே வீட்டுப் பெண்கள் கைக்கெட்டும் உயரத்தில் இலை பறித்துக்கொள்ளலாம்.