அச்சம் தரும் பாத்திரத்தை வரைய…

மேசைக் கதையாட்டத்துக்கு (நண்பர்கள் கூடி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் ஆட்டம்) படம் வரைபவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பல இரவுகள் விழித்து வரைந்த பேயைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. சங்கரன்கோவில் போன்ற ஊரில் தானே பழகும் ஓவியருக்கு, 'நமக்குக் கை வரவில்லை' என்று தோன்றிவிடும். பதற வேண்டாம். குறை பெரும்பாலும் கையில் இல்லை, வரைவதற்கு முன் யோசிக்காததில்தான் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, காத்திக் திகில் (பாழடைந்த மாளிகை, பரம்பரைச் சாபம், மூடிமறைத்த குற்றம் ஆகியவற்றால் அச்சமூட்டும் கதைவகை) இரத்தத்தை மட்டும் நம்பி நிற்பதில்லை. 1983-இல் டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதியர் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' ஆட்டக்கதையின் வில்லன் ஸ்ட்ராட் இரத்தக்காட்டேரிதான். ஆனால் அவன் கோட்டைக்குரிய பிரபுவும்கூட. கண்ணியமும் கேடும் ஒரே உடலில் இருப்பதுதான் நம்மை நடுங்க வைக்கிறது. 1991-இல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' ஆட்டத்துக்கு டிம் பிராட்ஸ்ட்ரீட் உண்மை மனிதர்களின் புகைப்படங்களை வைத்து வரைந்தார். அதனால் அந்தக் காட்டேரிகள் தெருவில் நாம் கடந்துபோகும் முகங்களாகவே தெரிகின்றன.

உங்கள் படத்தை மூன்று வகையில் சோதியுங்கள். முதலில், உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அந்த நிழலுருவை (வெளிவடிவம் மட்டும் தெரியும் உருவம்) வைத்து ஆளை அடையாளம் காண முடியவில்லை என்றால் வடிவம் வலுவாக இல்லை. அடுத்து, படத்தை மேசையின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைந்தால், ஒளி இருள் வேறுபாடு போதவில்லை. கடைசியாக, பல்லையும் இரத்தத்தையும் மறைத்துப் பாருங்கள். மிச்சமிருப்பவர் யாரென்று சொல்ல முடியாவிட்டால், அங்கே பாத்திரமே இல்லை.

இப்படி ஒரே உடலில் இரண்டு இயல்புகளைக் காட்டுவதற்கான பாடம் சங்கரன்கோவில் கோயிலிலேயே இருக்கிறது. சங்கரநாராயணர் திருவுருவில் ஒரு பாதி சிவன், மறுபாதி திருமால். ஒருபுறம் சடையும் புலித்தோலும், மறுபுறம் மகுடமும் பட்டாடையும். இரண்டு இயல்புகளை ஒரே உருவில் குழப்பமின்றிக் காட்டும் முறை அது. அந்த முறையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். மக்கள் வணங்கும் சங்கரநாராயணரையோ சுடலைமாடனையோ ஆட்டத்தின் அரக்கனாக்காதீர்கள். அது அடுத்தவர் நம்பிக்கையைப் புண்படுத்தும், உங்கள் கற்பனையும் அதோடு நின்றுவிடும்.

இனி வேலைக்கு வருவோம். பாத்திரத்தின் வெளித்தோற்றத்தை ஒரு வரியிலும், அவர் மறைப்பதை ஒரு வரியிலும் எழுதிக்கொள்ளுங்கள். 'ஊர் மதிக்கும் ஜமீன் வாரிசு. தம்பியைக் கொன்றவர்' என்று வைத்துக்கொள்வோம். சங்கரன்கோவில் பக்கம் சிவகிரி, எட்டயபுரம் என்று ஜமீன்கள் இருந்தன. ஐரோப்பியக் கோட்டையைத் தேடிப் போக வேண்டியதில்லை. 2021-இல் வந்த ரேவன்லாஃப்ட் நூலிலேயே 'காலாகேரி' என்று இந்தியச் சாயல் கொண்ட ஒரு நிலம் இருக்கிறது. வாரிசின் உடை சலவை மடிப்புக் கலையாமல் இருக்கட்டும். ஒரு கை மட்டும் துண்டுக்குள் மறைந்திருக்கட்டும். உள்ளங்கை அளவில் பத்து நிழலுருக்கள் வரைந்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரட்டும். முகத்தின் பாதி இருளில் இருந்தால் போதும். சிவப்பை ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள். ஜெராக்ஸ் எடுப்பதாக இருந்தால் பென்சில் தேய்ப்பைத் தவிர்த்து, மையால் குறுக்குக்கோடுகள் (ஒன்றன்மேல் ஒன்று வெட்டிச் செல்லும் நெருக்கமான கோடுகள்) போடுங்கள். பென்சிலின் சாம்பல் நிறம் நகலில் திட்டுத்திட்டாகிவிடும்.

குறுக்கு வழிகள் வேண்டாம். இணையப் படத்தின்மேல் தாள் வைத்து வரைந்தால் கோடு பழகும், வடிவமைக்கும் அறிவு வளராது. செயற்கை நுண்ணறிவுச் செயலியில் படத்தை உருவாக்கினால் உங்கள் கண் பழகாது. மண்டையோடுகளைக் கூட்டிக்கொண்டே போனால் படம்தான் நெரிசலாகும், அச்சம் கூடாது.

நாளுக்கு அரைமணி நேரம், ஒரு முகம், ஒரு விளக்கு. ஒரு மாதம் இப்படிப் பழகிவிட்டு, இன்று வரைந்த படத்தையும் அன்று வரைந்ததையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதுவரை எந்தப் படத்தையும் கிழித்துப் போடாதீர்கள்.