பட்டாசு மருந்தும் ஆராய்ச்சிக் கட்டுரையும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிவகாசி, கிருஷ்ணன்கோவில், விருதுநகர் வட்டாரத்துக் கல்லூரிகளில் பட்டாசு மருந்தைப் பரிசோதித்து, விஞ்ஞானப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை அனுப்ப முற்படும் இளைஞர்களிடையே, கட்டுரையின் அதிர்ஷ்டம் ஆங்கில நடையின் அலங்காரத்தில்தான் அடங்கியிருக்கிறது என்றொரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. நடை பிழையின்றி இருக்கவேண்டும் என்பதில் விவாதமில்லை. (அலங்காரமே பிரியமென்றால் தீபாவளி மலருக்கு எழுதலாம், அங்கே தடையேது?) ஆயினும் மதிப்பீட்டாளர் நுணுகிப் பார்ப்பது செய்முறைப் பகுதியையே. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் இன்ன விகிதத்தில் சேர்க்கப்பட்டன என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, பொடி எந்தச் சல்லடையில் சலிக்கப்பட்டது, ரசாயனங்களின் தூய்மை எவ்வளவு, அன்றைய காற்றின் ஈரப்பதம் என்ன, எத்தனை மில்லிகிராம் மாதிரி நிமிஷத்துக்கு எத்தனை டிகிரி வீதம் சூடேற்றப்பட்டது என்பவற்றையெல்லாம் விட்டுவிட்டால், துகள் நுண்மையாக ஆக அதே விகிதக் கலவை இன்னும் எளிதில் பற்றிக்கொள்ளும் சுபாவமுடையதாதலால், அந்த முடிவை வேறெவரும் திரும்பச் செய்து சோதிக்க இயலாது. சத்தத்துக்கும் இதே நியாயந்தான்: 1999-ல் அரசாங்கம் வகுத்த விதியே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் (ஏஐ) அல்லது உச்சமாக 145 டெசிபல் (சி) என்று தூரத்தையும் அளவுமுறையையும் சேர்த்தே சொல்லியிருக்க, வெறும் டெசிபலை மட்டும் நிரப்பிய அட்டவணையால் என்ன பிரயோஜனம்?

உள்ளூர் விஷயத்தை உலகம் மதிக்காது என்பதும் வீண் பயமே. பட்டாசுக் கலவைகளின் வெப்ப அபாயத்தைப் பற்றித் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதியவை இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சர்வதேசப் பத்திரிகைகளில் பிரசுரமாகிவிட்டன.

திருத்தச் சொல்லித் திரும்பி வந்த கட்டுரை தோற்ற கட்டுரை என்று சோர்பவர்கள், ராமானுஜனின் முதற்கட்டுரை 1911-ல் இந்திய கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவருமுன், விளக்கம் போதாதென்று பத்திராதிபர் நாராயண ஐயங்காரிடமிருந்து பலமுறை திரும்பி வந்த வரலாற்றை அறியவேண்டும். பணம் கட்டினால் விரைவில் அச்சாகும், அச்சானதெல்லாம் மதிப்புடையது என்ற எண்ணத்தைப் பற்றி அதிகம் பேசுவானேன்? பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் ஜாபிதாவிலிருந்து 4,305 பத்திரிகைகளை ஒரே அறிவிப்பில் நீக்கியது. சந்தாவால் நடக்கும் நல்ல பத்திரிகைகள் பலவோ எழுதுபவரிடம் ஒரு காசும் கேட்பதில்லை.

மருந்து கலக்கும் தொழிலாளரின் சுவாசத்தையும் சருமத்தையும் ஆராய்பவர்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கட்டுரை எழுதும்போது பெற்றுக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் விபரீதமானது. முதல் தொழிலாளியிடம் முதல் கேள்வியைக் கேட்குமுன்பே அனுமதியும், அவருக்குப் புரிந்த தமிழில் அவருடைய சம்மதமும் கிடைத்திருக்கவேண்டும்; பின்னால் வாங்கும் கடிதம் அந்தக் குறையை நிவர்த்தி செய்யாது. பெயரை மறைத்துவிட்டோம் என்று திருப்தி கொள்வதும் போதாது: ஓர் ஆலையில் நாலைந்து பேரே செய்யும் வேலையை, வயதும் கிராமமும் விபத்து நடந்த மாதமும் சேர்த்து அட்டவணையில் எழுதினால், அவர் யாரென்பதை அயல்நாட்டு வாசகர் அறியாவிட்டாலும் ஆலை முதலாளி அறிந்துகொள்வார்.