வளர்ச்சிக்குச் சான்று எது?

மூவார்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி எழுத்துப் பயிற்சி வகுப்பின் இறுதிப் பணியாக, ‘இவ்வகுப்பில் நான் அடைந்த வளர்ச்சி’ என்று ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள் என்றும், “என் வளர்ச்சிக்கு நானே எப்படி ஐயா சாட்சி சொல்வது? வாங்கிய புள்ளிகளைச் சொன்னால் போதாதா?” என்றும் எழுதியிருந்தாய். கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் மாதிரிக்கென்று நீ உடன் அனுப்பியிருந்த, சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் கட்டுரையைப் படித்து எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் தணிந்தபாடில்லை. வகுப்பில் சேருமுன் அவர் ஒன்றும் அறியாதவராம். இப்போது தன்னம்பிக்கை பெருகிவிட்டதாம். எழுத்துக் கலை கைவந்துவிட்டதாம். எந்த வாக்கியத்தில் என்ன குற்றம் கண்டார், எந்த நூல் அவரைத் தடுத்து நிறுத்தியது என்பதற்கு ஒரு சொல்லாவது உண்டா என்றால், இல்லை. வளர்ந்துவிட்டேன் என்று பிரகடனம் செய்தால் அதுவே வளர்ச்சிக்கு விளக்கம் ஆகிவிடும் என்னும் மயக்கம் உன்னையும் பற்றுமுன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எழுத்தை வகுப்பு வைத்துக் கற்பிப்பது நம் மலேசியாவில் உன் கல்லூரியோடு தொடங்கியதன்று. 1950-51ஆம் ஆண்டுகளில், அன்றைய மலாயாவின் அவசரகாலக் கெடுபிடியில் தோட்டங்கள் அடங்கிக் கிடந்த நாளில், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றைப் பேசுவோர் எவரும் அவ்வகுப்பைத் தொடாமல் மேலே செல்வதில்லை. நம் பக்கத்து ஊரான தங்காக்கில் வாழ்ந்து, மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை நூலாகத் தொகுத்துத் தந்த மா. இராமையாவின் தலைமுறை எழுத வந்த காலமும் அதுவே. அவ்வகுப்பில் என்னைக் கவர்வது ஒன்று உண்டு. பத்திரிகைப் பக்கமே பள்ளிக்கூடமாகிவிட்ட இடத்தில், மாணவனுடைய முகத்தையோ உற்சாகத்தையோ ஆசிரியர் காண வழியில்லை. தபாலில் வந்த பிரதி ஒன்றே அவனுக்காகப் பேச வேண்டும். உன் ஆசிரியரும் அந்த ஸ்தானத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு உன் கட்டுரையைத் தொடங்கு.

இனி, எனக்கு மிகவும் உவப்பான உதாரணத்திற்கு வருகிறேன். உ. வே. சாமிநாதையர் தம் முதுமையில், 1940 முதல் 1942 வரை, ஆனந்த விகடனில் ‘என் சரித்திர’த்தைத் தொடராக எழுதினார். ஒரு மனிதன் தன் கல்வியின் வளர்ச்சியை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்குத் தமிழில் அதற்கு நிகரான இலக்கணம் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதில் 1880ஆம் ஆண்டின் சம்பவம் ஒன்று வருகிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876இல் மறையும் வரை பாடம் கேட்டு, திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவும் பெற்று, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகவும் அமர்ந்துவிட்ட இருபத்தைந்து வயது இளைஞர், அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். எத்தனை அடுக்கினாலும் எதிரே இருப்பவரின் முகத்தில் வியப்புக் குறி ஒன்றும் தோன்றவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் வினவிய அந்தக் கணத்தில், அதுவரை சேர்த்த புலமை முழுவதும் ஒரு கரையில் நிற்க, அறியாத தமிழ் மறுகரையில் நிற்பது அவருக்குத் தெரிகிறது. பின்னர் முதலியார் தந்த பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டு, அது சமண காவியம் ஆகையால், சைவ மடத்தின் சூழலில் வளர்ந்த அவர் அவ்வூர்ச் சமணர்களை நாடிச் சென்று, அவர்கள் சமய வழக்குகளைக் கேட்டுக் கேட்டுப் பொருள் தெளிந்தார். அவர் பதிப்பித்த சிந்தாமணி வெளிவந்தது 1887இல். இடையே ஏழு ஆண்டுகள்!

இந்த இடத்தை ஊன்றிப் படி, தம்பி. ‘நான் வளர்ந்தேன்’ என்று அவர் மார்தட்டவில்லை. தாம் அடுக்கிய பெயர்களையும், எதிரிலிருந்தவரின் அலட்சியத்தையும், தமக்கு அதனால் விளைந்த குறையுணர்வையும் மட்டும் சொல்கிறார். வளர்ச்சி நமக்குத் தானே விளங்குகிறது. நேற்றுக் கண்ணில் படாத குறை இன்று படுகிறதே, வளர்ச்சிக்கு அதைவிடப் பெரிய பிரமாணம் நான் கண்டதில்லை. புள்ளிகள் அதைக் காட்டமாட்டா. அவை ஆசிரியர் கண்டதைச் சொல்லும்; நீ கண்டதைச் சொல்லா.

ஆகையால், வகுப்பின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையை வெளியே எடு. அதில் அன்று உனக்குப் பெருமையாக இருந்த ஒரு பத்தியை மட்டும் தேர்ந்துகொண்டு, அன்று அது ஏன் நன்றாக இருப்பதாகத் தோன்றியது, இன்று எந்தச் சொல் உறுத்துகிறது, அந்த உறுத்தலை உன்னுள் விதைத்தது ஆசிரியரின் குறிப்பா, நண்பன் கேட்ட சந்தேகமா, நீ படித்த நூலா என்பவற்றை நிதானமாக எழுது. அலங்காரச் சொற்கள் கூடியிருப்பதை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்காதே. பெரும்பாலும் அவை நீக்கப்பட வேண்டியவையே. இன்னும் உனக்கு வசப்படாதது எது என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். வசப்படாததைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தவனை எந்த ஆசிரியரும் கைவிடமாட்டார்.

கணினியில் எழுதுகிற நீங்கள் பழைய வாக்கியத்தின் மேலேயே புதியதை எழுதி, வந்த வழியை அழித்துவிடுகிறீர்கள். இது கெட்ட பழக்கம், கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒவ்வொரு திருத்தப் பிரதியையும் தனித்தனியே பாதுகாத்து வை. இக்கட்டுரையை முடித்ததும் செப்பமான பிரதியை மட்டும் அனுப்பாமல், அடித்தல் திருத்தல்களோடு கூடிய முதற்பிரதியையும் சேர்த்து எனக்கு அனுப்பு. முதலில் அதைத்தான் படிப்பேன்.

அன்புடன்,
உன் பழைய தமிழாசிரியன்