தாரா முட்டையிடும் காலம்



யாழ்ப்பாணத்தில் நாம் 'தாரா' என்று அழைக்கும் பறவையைத் தமிழ்நாட்டார் 'வாத்து' என்பர். இத்தாலியர் அதனை 'அனாத்ரா' என்பர். முட்டைக்கு அவர்கள் வழங்கும் சொல் விந்தையானது. ஒரு முட்டை 'உவோவோ', அது ஆண்பால். பல முட்டைகள் 'உவோவா', அது பெண்பால். ஒருமையிலிருந்து பன்மைக்குச் செல்லும்போது பால் மாறும் இவ்விடர் தமிழின் அஃறிணைச் சொற்களுக்கு இல்லை.

கால்சாவின் ஒடுங்கிய தெருக்களில், மாடி வீடுகளில் வாழும் எமது பிள்ளைகள் முட்டையைக் கடையின் அட்டைப் பெட்டியிலேயே காண்கின்றனர். ஆயினும் பலெர்மோ நகருக்கு வெளியே சிறு தோட்டம் வைத்திருப்போர் உளர். ஊரில் கொல்லைப்புறத்தில் தாரா வளர்த்த நினைவுடன் இங்கும் இரண்டு குஞ்சுகளை வாங்கி விட விரும்புவோரும் உளர். அவர்கள் யாவரும் கேட்கும் முதல் வினா, "இவை எப்போது முட்டையிடும்?" என்பதே. அவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இரு வகைத் தாராக்கள்

வீட்டுத் தாராக்களில் பெரும்பாலானவை பச்சைத் தலையுடைய காட்டு வாத்தின் வழிவந்தவை. அக்காட்டு வாத்தை இத்தாலியர் 'ஜெர்மானோ ரெயாலே' என்பர். 'காக்கி கேம்பல்' என்னும் புகழ்பெற்ற முட்டை இனமும் இவ்வழியினதே. இங்கிலாந்தில் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருமதி கேம்பல் என்னும் பெண்மணி இதனை உருவாக்கினார். நன்கு பராமரித்தால் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 300 முட்டைகள்வரை இடவல்லது.

மற்றையது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மஸ்கோவித் தாரா. முகத்தில் சிவந்த தசை முடிச்சுகள் உடையது, உரத்துக் கத்தாதது. ஆதலால் இத்தாலியர் இதனை 'அனாத்ரா மூத்தா', அதாவது ஊமைத் தாரா, என்கின்றனர்.

முதல் வகையின் முட்டை பொரிக்க 28 நாட்கள் வேண்டும். மஸ்கோவிக்கு 35 நாட்கள் வேண்டும். கோழி முட்டைக்கோ 21 நாட்களே போதும். முட்டைக்காகவே வளர்க்கப்பட்ட இனங்கள் அடைகாக்கும் இயல்பைப் பெரிதும் இழந்துவிட்டன. அதனாலேயே எம் நாடுகளில் தாரா முட்டையைக் கோழிக்கு அடைவைக்கும் வழக்கம் தோன்றியது.

வயது மட்டும் போதுமா?

முட்டை இனத்துப் பேடு பொதுவாக ஐந்து முதல் ஏழு மாத வயதில் முதல் முட்டையை இடும். ஆயினும் வயது நிரம்பியதும் முட்டை வந்தே தீரும் என்பதில்லை. பகற்பொழுதின் நீளமும் அதற்கு இசைய வேண்டும்.

1930 களில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் ழாக் பென்வா தாராக்களைக் கொண்டு ஓர் உண்மையை நிறுவினார். ஒளி கண்வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியையும் நேரே சென்றடைகின்றது. பார்வையற்ற தாராவின் உடலும் ஒளிக்கேற்ப மாறுவதை அவர் கண்டார். பகல் நீளும்போது மூளை சுரப்பிகளைத் தூண்டுகின்றது; இனப்பெருக்க உறுப்புகள் வளர்கின்றன. குளிரில் பொரிக்கும் குஞ்சுக்கு இரை அரிது. வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சுக்கு இரை ஏராளம். காலத்தை அறிந்து முட்டையிடுவதற்கு இயற்கை வகுத்த வழி இது.

இப்போது யாழ்ப்பாணத்தையும் பலெர்மோவையும் ஒப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான வேறுபாடே உண்டு. பலெர்மோவில் ஜூன் மாதத்துப் பகல் ஏறத்தாழ 14¾ மணி. டிசம்பர் மாதத்துப் பகல் ஏறத்தாழ 9½ மணி. வேறுபாடு ஐந்து மணி நேரத்துக்கும் மேல்!

ஆகவே ஏப்ரலில் பொரித்த குஞ்சு ஆறு மாதம் நிரம்பும் ஒக்டோபரில் பகல் சுருங்கிக்கொண்டிருக்கும். சில பேடுகள் அப்போதே முட்டையிடத் தொடங்கும். வேறு சில அடுத்த ஆண்டு பெப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கும். ஊர் அனுபவத்தை மட்டும் கொண்டு "இது மலட்டுத் தாரா" என்று தீர்ப்பளித்துக் கறிக்கு அனுப்புவோர் அப்பறவைக்கு அநீதி இழைக்கின்றனர்.

முட்டை வருவதற்கான அறிகுறிகள்

பேடு வழமையைவிட அதிகம் உண்ணும். மூலை முடுக்குகளில் வைக்கோலைக் கிளறிக் குழி செய்யும். வயிற்றின் பின்பகுதி தாழ்ந்து மென்மையாகும். இடுப்பெலும்பின் முனைகள் விலகும். பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிடும். ஆதலால் காலை ஒன்பது மணிவரை கூட்டிலேயே விட்டுவைப்பது நன்று. இல்லையேல் முட்டையைப் பற்றைக்குள் தேட நேரும்.

முதல் முட்டைகள் சிறியனவாக இருக்கலாம். ஓடு மென்மையாகவோ, உள்ளே மஞ்சட்கரு இன்றியோ, இரண்டு கருக்களுடனோ இருக்கலாம். சில வாரங்களில் இவை பெரும்பாலும் சீராகிவிடும். ஆனால் பேடு சோர்ந்து குந்தியிருந்து நெடுநேரம் முக்கியும் முட்டை வெளிவராவிடில், தாமதியாது விலங்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

"ஆண் தாரா இல்லாமல் முட்டை வருமா?" எனச் சிறுவர் கேட்பர். வரும், ஆனால் அம்முட்டையிலிருந்து குஞ்சு வராது.

உணவும் நீரும்

முட்டையோட்டின் நூற்றில் 95 பங்கு கல்சியம் காபனேற்று. உணவில் அது குறைந்தால் பேடு தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். ஆகவே முட்டையிடும் பேட்டுக்கு நொறுக்கிய சிப்பியோட்டைத் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டும். ஆனால் குஞ்சுப் பருவத்திலேயே கல்சியம் மிகுந்த தீவனத்தைக் கொடுப்பின் சிறுநீரகம் பழுதுபடும். வளரும் தாராக் குஞ்சுக்குக் கோழிக் குஞ்சைவிட அதிக நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் தேவை. அது குறைந்தால் கால்கள் வலுவிழக்கும். வெறும் பாண் துண்டுகள் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. குளம் இல்லாவிடினும், கண்ணையும் மூக்கையும் கழுவுமாறு தலை மூழ்கும் அளவு ஆழமான நீர் அவசியம்.

பண்ணைகளில் மின்விளக்கால் பகலை 14 முதல் 16 மணிவரை நீட்டுவதுண்டு. உடல் முதிராத இளம் பேட்டை அவ்வாறு அவசரப்படுத்தினால், சிறு முட்டையும் கருக்குழாய் வெளித்தள்ளும் நோயுமே பலன். "பதறாத காரியம் சிதறாது" என்பது முதுமொழி. பிள்ளைகளை அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நெருக்கும் பெற்றோராகிய நாமும் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

தாரா முட்டையில் சல்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும். 2010 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் தாரா முட்டை உண்டோர் பலர் இதனால் நோயுற்றனர். ஆகையால் வெண்கருவும் மஞ்சட்கருவும் முற்றாக இறுகும்வரை அவித்தோ பொரித்தோ உண்ண வேண்டும். பச்சை முட்டை சேரும் திராமிசு, வீட்டில் அடிக்கும் மயொனேசு ஆகியவற்றுக்கு இம்முட்டை ஆகாது. முட்டையைத் தொட்டபின் பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

காட்டுப் பறவைகள் வழியாகப் பறவைக் காய்ச்சலும் பரவுகின்றது. எனவே தாரா வாங்குமுன் மாகாணச் சுகாதார நிறுவனத்தின் விலங்கு மருத்துவப் பிரிவில் பதிவு விதிகளைக் கேட்டறிதல் நம் கடமை. மாடி வீட்டுப் பல்கணி தாராவுக்கு உரிய இடமன்று என்பதையும் உணர்வோம்.

மாணவர்க்குப் பயிற்சி

1. ஒவ்வொரு ஞாயிறும் பலெர்மோவில் சூரியன் உதிக்கும் நேரத்தையும் மறையும் நேரத்தையும் குறித்துப் பகலின் நீளத்தைக் கணக்கிடுக. ஓர் ஆண்டு முடிவில் வரைபடம் வரைக.

2. அதே நாட்களுக்கு யாழ்ப்பாணத்தின் பகல் நீளத்தையும் அறிந்து, அதே தாளில் வேறு நிறத்தில் வரைக. இரு கோடுகளும் எவ்விடத்தில் சந்திக்கின்றன?

3. ஊரில் தாரா, கோழி வளர்த்த அனுபவத்தைப் பாட்டன் பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டுப் பத்து வாக்கியங்களில் தமிழில் எழுதுக. அவர்கள் கூறும் புதிய சொற்களை அடிக்கோடிடுக.

மூன்றாம் பயிற்சியை முதலில் செய்தல் நலம். சூரியன் அடுத்த ஆண்டும் அதே நேரத்தில் உதிக்கும். மூத்தோரிடம் கேட்டறியும் வாய்ப்போ என்றும் இருப்பதன்று.